மெனிக்யூரில் நகத்தைத் தயார் செய்யவே முக்கால் மணி நேரம் ஆகிறது. எப்படி வேகப்படுத்துவது?

கேள்வி கேட்டவர் இந்த வேலைக்குப் புதிது. ஜெல் பாலிஷ் போடுவதில் அவருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்கு முன் நகத்தை வடிவாக்கி, க்யூட்டிகிளைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது, அடுத்த கஸ்டமர் காத்திருக்கிறார், டிரில் மெஷின் வாங்கினால் வேகம் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் சென்னையில் ஒரு பார்லரில் இதே வேலையைச் செய்கிறேன், புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லியும் தருகிறேன். மெஷின் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது இல்லாமலேயே பாதி நேரத்தைக் குறைத்துவிடலாம்.

நான் பார்த்தவரை நேரம் இரண்டு இடங்களில்தான் கரைகிறது. தொடவே வேண்டாத தோலைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருப்பது ஒன்று. ஒரு விரலை முழுதாக முடித்துவிட்டு அடுத்த விரலுக்குப் போவது இன்னொன்று. இரண்டில் முதலாவதுதான் பெரியது. அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

தோல் மடிந்து நகத்தைத் தொடும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு, நிறமில்லாமல், மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதுதான் உண்மையான க்யூட்டிகிள். அது இறந்த தோல். நகம் வளரும்போது மடிப்பின் உட்பக்கத்திலிருந்து உரிந்து, நகத்தோடு ஒட்டியபடியே வெளியே வருகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் தோல் மடிப்பு வேறு. அது உயிருள்ள தோல், ரத்தம் ஓடும் இடம். இந்த இரண்டும் சேர்ந்துதான் நகம் உருவாகும் வேர்ப்பகுதிக்குள் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்து வைத்திருக்கின்றன. அந்த அடைப்பைக் கத்தரித்துத் திறந்தால் நகச்சுற்று வருவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும். க்யூட்டிகிளை வெட்டாதீர்கள் என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி பொதுமக்களுக்குச் சொல்வதும் இதனால்தான்.

நமக்கு வேண்டியது மடிப்பைத் தாண்டி வெளியே வந்து நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் அந்தப் படலம் போவது மட்டும்தான். ஜெல் ஓரத்தில் நகத்தைவிட்டுப் பிரிந்து தூக்குவதற்கு அதுதான் காரணம், மடிப்புத் தோல் இல்லை. ஆனால் பல பார்லர்களில் நிப்பரை (தோல் வெட்டும் சிறு கருவி) எடுத்து மடிப்பைச் சுற்றி ஒரே கோடாக வெட்டிக்கொண்டே வரும் பழக்கம் இருக்கிறது. பார்க்க அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு விரலுக்கும் ஒன்றரை, இரண்டு நிமிடம் அதற்கே போகிறது. அதோடு முடிவதும் இல்லை. வெட்டிய இடம் ஆறும்போது தோல் தடிப்பாக, பிசிறு பிசிறாக வருகிறது. அதே கஸ்டமர் அடுத்த மாதம் வரும்போது இன்னும் அதிகமாக வெட்ட வேண்டியிருக்கும். இன்றைக்கு வெட்டுவதை நிறுத்தினால் அவருடைய மூன்றாவது, நான்காவது வருகையில் உங்கள் வேலை தானாகக் குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

எது இறந்தது, எது உயிருள்ளது என்று கையால் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. புஷரை (தோலைப் பின்னால் தள்ளும் கருவி) நகத்தின் மேல் சாய்வாக வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். வெள்ளையாகத் தூளாகவோ பொருக்காகவோ வந்தால் அது படலம், எடுக்கலாம். தள்ளியதும் பின்னால் போய் மறுபடி பழைய இடத்துக்கே திரும்பினால், அல்லது கஸ்டமர் விரலை லேசாக இழுத்துக்கொண்டால், அது உயிருள்ள தோல். அங்கே உங்கள் வேலை முடிந்துவிட்டது. அடுத்த விரலுக்குப் போங்கள். நிப்பர் தேவைப்படுவது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுக்கு மட்டும். அதையும் இழுக்கக் கூடாது. பிடித்து, வெட்டி, விட்டுவிட வேண்டும். இழுத்தால் நல்ல தோலும் சேர்ந்து கிழியும்.

புஷரை அழுத்துவதிலும் கவனம் வேண்டும். அவசரத்தில் பலம் கொடுத்தால் வேர்ப்பகுதி அடிபட்டு, நகத்தில் குறுக்கே பள்ளமோ வெள்ளைத் திட்டோ வரும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அந்தப் பள்ளம் முழுதாக வளர்ந்து வெளியேற ஐந்தாறு மாதம் ஆகும். அத்தனை மாதமும் கஸ்டமர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, இப்போது வரிசைக்கு வருவோம். ஒரு விரலில் ஃபைல் (நகத்தைத் தேய்த்து வடிவாக்குவது), புஷர், நிப்பர், பஃபர் (நகத்தின் மேற்பரப்பை லேசாகத் தேய்ப்பது) என்று நான்கு கருவிகள் என்றால், பத்து விரலுக்கு நாற்பது முறை கருவி மாற்றுகிறீர்கள். அதையே ஒரு கருவியால் பத்து விரலையும் முடித்துவிட்டு அடுத்த கருவிக்குப் போனால் நான்கு முறைதான். கையும் ஒரே அசைவைத் தொடர்ந்து செய்வதால் தானாகவே சீராகிறது. பத்து நகமும் ஒரே அளவாக, ஒரே வடிவமாக வருவதற்கும் இதுதான் வழி.

நான் செய்யும் முறை இது. கையைச் சுத்தம் செய்து, பழைய பாலிஷை எடுத்ததும், காய்ந்த நகத்திலேயே வடிவத்தை முடித்துவிடுவேன். இயற்கை நகத்துக்கு 180 கிரிட் ஃபைல் போதும் (கிரிட் என்பது சொரசொரப்பின் அளவு, எண் கூடினால் நைஸ்). ஈர நகம் மிருதுவாகிவிடும், ஃபைல் பட்டால் நுனி பிரிந்துவிடும். அதனால் தண்ணீர் தொடுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். அப்புறம் இடது கையின் ஐந்து விரலுக்கும் க்யூட்டிகிள் ரிமூவர் (இறந்த படலத்தைக் கரைக்கும் திரவம்) வைப்பேன். அது ஊறும் ஒன்றிரண்டு நிமிடத்தில் வலது கை நகங்களின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து, ஓரப் பிசிறுகளைப் பார்த்து வைத்துக்கொள்வேன். இடது கையைப் புஷரால் தள்ளத் தொடங்குவதற்குச் சற்று முன் வலது கைக்கு ரிமூவர் வைத்துவிடுவேன். இடது கை முடியும்போது வலது கை தயாராக இருக்கும். காத்திருக்கும் நேரம் என்று தனியாக எதுவும் இருக்காது.

ரிமூவர் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேகமாக வேலை செய்யும் ரிமூவர்களில் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். இரண்டுமே கடுமையான காரம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இவற்றின் அளவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவிலேயே இறந்த தோலைக் கரைத்துவிடும், அதிக நேரம் விட்டால் நல்ல தோலையும் எரிக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று நிறைய வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. முக்கியமாக, டிஷ்யூவால் துடைத்தால் மட்டும் அது போகாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் ஜெல் நிற்காது. ‘ஜெல் தரம் சரியில்லை’ என்று பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்கும் பழைய முறையை ஜெல் போடப்போகும் கைக்கு நான் செய்வதே இல்லை. நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும். அந்த நிலையில் பாலிஷ் போட்டால், பிறகு நகம் காய்ந்து சுருங்கும்போது பாலிஷ் விலகத் தொடங்கும். பத்து நிமிடமும் மிச்சம், பாலிஷும் நிற்கிறது. ஊறவைப்பதைச் சுகமாக நினைத்து வரும் கஸ்டமர்களுக்குக் கடைசியில் எண்ணெய் போட்டு இரண்டு நிமிடம் கையைப் பிடித்துவிடுங்கள், அவர்களுக்கு அதுவே திருப்தியாக இருக்கும்.

படலம் போனதும் 240 கிரிட் பஃபரால் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும். தேய்த்து மெலிதாக்கக் கூடாது. தூசியைத் தட்டிவிட்டு, டிஹைட்ரேட்டர் (நகத்தின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் எடுக்கும் திரவம்) வைத்து, அதற்குப் பிறகு நகத்தை விரலால் தொடவே கூடாது. கட்டைவிரலின் இரு ஓரங்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். ஜெல் முதலில் தூக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த வரிசை பழகிவிட்டால் பழைய ஜெல் இல்லாத கைக்கு மொத்தத் தயாரிப்பும் 20 நிமிடத்தில் முடியும். முதல் வாரத்திலேயே முடியாது. உங்கள் நேரம் எங்கே போகிறது என்று தெரிய, மேசைக்கு மேல் போனை வைத்து, கஸ்டமரிடம் கேட்டுக்கொண்டு, கைகளை மட்டும் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தை எத்தனை முறை தொட்டிருக்கிறீர்கள், கருவியைத் தேடி எத்தனை முறை கை போகிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. மொக்கையான நிப்பர் வெட்டாது, கிழிக்கும். அதே இடத்தில் மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தால் சாணை பிடிக்கக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. புஷர், நிப்பர், பிட் (டிரில் மெஷினில் மாட்டும் முனை) எல்லாம் குறைந்தது நான்கைந்து செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) இருக்கும்போது இன்னொன்று கையில் இருக்கும். செட் போதாமல் ‘சும்மா ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம்’ என்று தோன்றும் நாளில்தான் ஆபத்து. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். நீல விளக்கு எரியும் யூவி பெட்டி கருவியை ஸ்டெரிலைஸ் செய்யாது, சுத்தம் செய்ததை எடுத்து வைக்கத்தான் உதவும். 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு இருபது நிமிடம் போனால்தான் நம்பலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று டோஸ்.

அடுத்து, கஸ்டமர்களின் பேச்சு. “அக்கா, இன்னும் கொஞ்சம் வெட்டிவிடுங்க, எனக்கு நல்லா சுத்தமா இருக்கணும்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்கிறாரே என்று மறுபடி நிப்பரை எடுத்தால் பத்து நிமிடம் போய்விடும். “இது உயிருள்ள தோல்மா, வெட்டினா அடுத்த தடவை தடிச்சு வரும். தினமும் ராத்திரி எண்ணெய் வைங்க, மூணு வாரம் கழிச்சு வாங்க, வித்தியாசம் தெரியும்” என்று நான் சொல்லிவிடுவேன். ஜோஜோபா எண்ணெய் நல்லது. இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும், ஆனால் ஜெல் போட வரும் நாளன்று வைக்கக் கூடாது. சர்க்கரை நோய் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று உட்கார்ந்ததுமே கேட்டுவிடுங்கள். இருந்தால் நிப்பரும் மெஷினும் வேண்டாம், மெதுவாகத் தள்ளுவதோடு நிறுத்துங்கள்.

கல்யாணப் பெண்கள் வரும் மாதங்களில் இன்னொரு விஷயம். மருதாணி போட்ட பிறகு க்யூட்டிகிள் வேலை செய்யக் கூடாது. மருதாணியின் சிவப்பு தோலின் மேலடுக்கில்தான் நிற்கிறது. ரிமூவரும் ஸ்கிரப்பும் அதையே எடுத்துவிடும். சிவப்பு ஏறுவதற்கு நீலகிரித் தைலம், கிராம்பு எண்ணெய் எல்லாம் தடவியிருப்பார்கள், அந்த எண்ணெய் நகத்திலும் இருக்கும். அதனால் மருதாணிக்கு முந்தைய நாளே க்யூட்டிகிள் வேலையை முடித்துவிட்டு, மருதாணிக்குப் பிறகு டிஹைட்ரேட்டர் வைத்து ஜெல் மட்டும் போடுங்கள். கல்யாண அவசரத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் போராட வேண்டியிருக்காது.

இனி மெஷின். ஈ-ஃபைல், அதாவது நீங்கள் கேட்ட டிரில் மெஷின், நல்ல கருவி. ரஷ்யன் மெனிக்யூர் என்று இன்ஸ்டாகிராமில் பார்ப்பது பெரும்பாலும் இதில்தான் செய்யப்படுகிறது. கை பழகியவருக்கு நிச்சயமாக வேகம் கூடும். ஆனால் இறந்த படலத்தையும் உயிருள்ள தோலையும் புஷரால் பிரித்தறியத் தெரியாதவர் கையில் அது சீக்கிரமே காயத்தைத்தான் உண்டாக்கும். அதனால் இரண்டு மாதம் இந்த வரிசையில் கையால் செய்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது சுற்றுவேகத்தை விட அதிர்வு இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பெட்டியில் நிமிடத்துக்கு 35,000 சுற்று என்று போட்டிருப்பது ஜெல்லை உரிக்கத்தான் உதவும், க்யூட்டிகிளுக்கு நான் 10,000-ஐத் தாண்டுவதில்லை. பழகும்போது 5,000-லேயே தொடங்குங்கள். முதல் பிட்டாகச் சிவப்பு வளையம் போட்ட ஃபிளேம் டைமண்ட் (தீச்சுடர் வடிவ வைரத்துகள் முனை) ஒன்று போதும். சிவப்பு என்றால் நைஸ் ரகம். நீலம் மீடியம், பச்சை இன்னும் சொரசொரப்பு, அவை இந்த வேலைக்கு வேண்டாம். காய்ந்த தோலில்தான் இது வேலை செய்யும். மெஷினில் செய்யும் கைக்கு ரிமூவர் வைக்காதீர்கள், வியர்க்கும் கை என்றால் முதலில் துடைத்துக் காயவிடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடாகும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நகத்தின் ஒரு பக்கத்துக்கு ஃபார்வர்டு, மறு பக்கத்துக்கு ரிவர்ஸ் என்று சுழற்சியை மாற்ற வேண்டியிருக்கும். அதையும் விரலுக்கு விரல் மாற்றாதீர்கள். பத்து விரலிலும் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, ஒரே ஒரு முறை சுவிட்சை மாற்றி, மறு பக்கத்தை முடியுங்கள். தூசி மூக்கில் ஏறாமல் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் இடது கையிலேயே பழகுங்கள். எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்பது அப்போதுதான் உங்களுக்குச் சரியாகத் தெரியும்.