சுவரோரத்து உப்பு: கலாநிதி ஆய்வு பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

விடுமுறைக்குக் கோண்டாவில் வந்திருக்கிறேன். கடல்நீரை அமுக்கித் தள்ளி நன்னீரைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ மென்சவ்வின் ஓரத்தில் உப்பு எப்படிச் சேருகிறது என்பதுதான் என் கலாநிதி ஆய்வு. வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

மானிப்பாய், ஏஎல் மாணவி: பாயிகளின் (திரவம், வாயு) ஓட்டத்தையும் திணிவு இடமாற்றத்தையும் (கரைந்த பொருள் இடம் மாறுவதையும்) ஏன் சேர்த்தே படிக்கிறார்கள், அண்ணா?

தங்கச்சி, அசையாத தண்ணீரில் கரைந்த உப்பு தானாகப் பரவி 1 சென்ரிமீற்றர் போக ஒரு நாளுக்குக் கிட்ட எடுக்கும். 1 மீற்றர் போக? இருபது வருடத்துக்கு மேல். தூரம் நூறு மடங்கானால் நேரம் பத்தாயிரம் மடங்கு. தண்ணீர் ஓடினால்தான் உப்பு உருப்படியாக இடம் மாறும்.

மருதங்கேணி வாசகர்: தாளையடியில் கடல்நீரை நன்னீராக்க ஏன் அவ்வளவு கரண்ட்?

கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு. அதன் பிரசாரண அமுக்கமே, அதாவது நன்னீர் சவ்வைக் கடந்து வர ஆகக் குறைந்தது மீற வேண்டிய அமுக்கமே, 27 பார் வரும். ஆனால் இப்படியான ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை தள்ளுவார்கள். அந்தத் தள்ளுதலுக்குத்தான் கரண்ட். நன்னீர் சவ்வைக் கடந்து போகப் போக, மிஞ்சும் தண்ணீர் இன்னும் உவராகிறது. சவ்வை ஒட்டி உப்பு குவியவும் செய்கிறது. அதைக் கலைக்க, சவ்வுத் தாள்களுக்கு இடையில் ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் வலை வைப்பார்கள். வலை தண்ணீரைக் கலக்கும், சரி. ஆனால் அதன் இழைகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அழுக்கும் பிடிக்கும். என் நாலு வருடமும் அந்த இழைகளுக்குப் பின்னால்தான் போனது.

அறிவியல் நகர், இறுதி வருட மாணவர்: சிஎஃப்டி (ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) மட்டும் செய்து கலாநிதிப் பட்டம் எடுக்கலாமா, சேர்?

'சேர்' வேண்டாம் தம்பி. எடுக்கலாம், ஆனால் என் கதையைக் கேளுங்கள். மூன்று மாதம் ஓடவிட்ட கணக்கு வண்ண வண்ணப் படமாக வந்தது. வேகம் எல்லாம் கச்சிதம். கணினி தண்ணீரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும். மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: சுவரோரத்து முதல் கட்டம் எத்தனை மைக்கிரோன்? எனக்குப் பதில் தெரியவில்லை. ஷ்மிட் எண் என்பது திரவத்தின் பாகுநிலைக்கும் கரைந்த பொருள் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம், தண்ணீரில் உப்புக்கு அது 600 அளவில் வரும். அதனால் சுவரோரத்தில் உப்பின் அளவு மாறும் மெல்லிய உப்புப் படை, தண்ணீரின் வேகம் மாறும் வேகப் படையில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு தடிப்புத்தான். என் உப்புப் படை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிக் கிடந்தது! கட்டத்தைப் பாதியாக்கினேன், விடை மாறியது. திரும்பவும் பாதியாக்கினேன், திரும்பவும் மாறியது. விடை அசையாமல் நிற்கும்வரை அதை யாருக்கும் காட்டாதீர்கள். முடிந்தால் ஒரு சின்னப் பரிசோதனையும் சேருங்கள். ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியலாளர், ஓட்டம் எப்போது குழம்புகிறது என்று 1883இல் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்ததைத்தான் இன்றும் படிக்கிறோம்.

கொக்குவில்: செலவு?

உதவித்தொகை இல்லாமல் போகாதீர்கள். கைக்காசு போட்டுச் செய்கிற படிப்பு இல்லை இது.

உரும்பிராய், தோட்டம் செய்யும் ஐயா: எங்கள் கிணறு உவராகிறது. உங்கள் படிப்பு இதற்கு உதவுமா?

உதவும் ஐயா. சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர், கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் கீழே 40 அடி இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். கல்லில் பொந்துகள் இருப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது, போக்கு அதுதான். துலாவால் இறைத்த காலத்தில் ஊற்றுக்கு ஊற நேரம் கிடைத்தது, மோட்டர் அதைக் கொடுப்பதில்லை. ஒரேயடியாக இறைக்காமல் விட்டு விட்டு இறையுங்கள். மோட்டர் போட்டதும் ஒரு போத்தல், நிறுத்துமுன் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து இரண்டின் மின்கடத்துதிறனையும் அளப்பியுங்கள்; உப்புக் கூடினால் அதுவும் கூடும். இரண்டாவது போத்தலில் அது கூடுதலாக இருந்தால் கீழிருந்து உவரை இழுக்கிறீர்கள்.