மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாரிடம் சொல்வது? அதைக் கவனிக்க நம் நாட்டில் ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா?

இருக்கிறது. இந்திய மருந்து விழிப்புக் கண்காணிப்புத் திட்டம் என்று பெயர். துறைக்காரர்கள் பிவிபிஐ என்பார்கள். தலைமையிடம் டெல்லிக்குப் பக்கத்தில் காஸியாபாத். நோயாளியே நேரடியாகச் சொல்லலாம், தமிழிலேயே படிவம் உண்டு, செலவு எதுவும் கிடையாது. கேள்விக்கு நேர் பதில் இவ்வளவுதான். ஆனால் திண்டுக்கல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கே, டி.ஃபார்ம் முடித்து எட்டு வருஷம் கடையில் நின்ற பிறகுதான் இது ஒழுங்காகத் தெரிய வந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2016-இல் என் பெரியம்மாவுக்குக் கன்னத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு வலி. பல்வலி என்று நினைத்து இரண்டு பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. கடைசியில் நரம்பு டாக்டர் பார்த்து, முக நரம்பு வலி என்று கார்பமாசெபின் எழுதிக் கொடுத்தார். சரியான மருந்துதான், அந்த வலிக்கு முதலில் கொடுப்பதே அதைத்தான். என் கடையிலிருந்து நானே அட்டையை எடுத்துக் கொடுத்தேன். நான்கே நாளில் வலி அடங்கியது.

பதினாறாம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, மார்பெல்லாம் தடிப்பு. வீட்டில் அம்மை என்று முடிவு செய்துவிட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. “நீயும் வராத பாப்பா, தண்ணி ஊத்தினதும் சொல்லி அனுப்புறோம்” என்று அண்ணி போனில் சொன்னார். அம்மை போட்ட வீட்டுக்குப் போகக் கூடாது என்று நானும் போகவில்லை. போய் ஒரு தடவை பார்த்திருந்தால், புது மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றியிருக்கும். படித்ததுதான். மூன்று நாள் அப்படியே போனது. நிறுத்தினால் வலி திரும்பிவிடும் என்ற பயத்தில் பெரியம்மா அந்த மூன்று நாளும் மாத்திரையை விடாமல் போட்டிருக்கிறார்.

உதடு வெந்து தோல் உரியத் தொடங்கியதும்தான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்றார்கள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் வெந்து உரியும் நோய். 19 நாள் படுக்கை. பிழைத்துவிட்டார். கண் மட்டும் பழையபடி வரவில்லை. கண்ணீர் சுரப்பது நின்றுபோய், இன்றும் சொட்டு மருந்து இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் ஓர் இளம்பெண் கையில் படிவத்தோடு வந்தார். மருந்தியல் துறையிலிருந்து வருகிறேன் என்றார். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தத் தேதியில் தடிப்பு, கூட வேறு என்ன சாப்பிட்டார், நிறுத்திய பிறகு குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டார். “அட்டை இருக்காக்கா? பேட்ச் நம்பர் வேணும்.” பெரியம்மாவின் மஞ்சப்பையில் பாதி அட்டை கிடந்தது. எழுதிக்கொண்டார். “இந்த மாத்திரையாலதான்னு உறுதியாத் தெரியுமாம்மா?” என்று கேட்டேன். “உறுதியாத் தெரிய வேண்டியதில்லக்கா. சந்தேகம் இருந்தாப் போதும். படிவத்துல பாருங்க, சந்தேகத்துக்குரியன்னுதான் போட்டிருக்கு.”

இந்த ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். நம் ஆட்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணமே “மாத்திரையாலதான்னு எப்படிச் சொல்றது” என்ற தயக்கம்தான். நிரூபிப்பது சொல்பவரின் வேலை இல்லை. அதற்குத்தான் பின்னால் ஓர் அமைப்பே உட்கார்ந்திருக்கிறது.

சந்தேகம் ஏன் போதும் என்றால், ஒரு மருந்து சந்தைக்கு வரும்போது அதைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. அனுமதிக்கு முன்னால் சில ஆயிரம் பேரிடம் சோதிக்கிறார்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் ஆபத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டுமானால், ஏறத்தாழ 30,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது புள்ளியியல் கணக்கு. அத்தனை பேரை வைத்துச் சோதிப்பது அபூர்வம். அதனால் அரிய ஆபத்துகள் வெளியே தெரிவது மருந்து கடைக்கு வந்த பிறகுதான். பெரியம்மாவுக்கு வந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பமாசெபினால் இப்படித் தோல் உரிந்த 44 பேரைத் தைவான் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தபோது, 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. 2004-இல் அதை வெளியிட்டார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு அந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் கொடுங்கள் என்று 2007-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. அந்த மருந்து பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த ஒன்று!

சரி, அந்தப் பெண் எழுதிய தாள் எங்கே போகிறது?

முதல் படி, அந்த மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கும் கண்காணிப்பு மையம். 2010 ஜூலையில் திட்டம் தொடங்கியபோது நாடு முழுவதும் 22 மையங்கள். இப்போது 800-க்கும் மேல். பெரும்பாலும் மருந்தியல் துறைக்குள்ளேயே இருக்கும். மருந்துக்கும் பாதிப்புக்கும் தொடர்பு எவ்வளவு என்று அங்கே ஒரு குழு எடைபோடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ‘உறுதி’, ‘அநேகமாக’, ‘இருக்கலாம்’ என்று ஆரம்பித்து ஆறு தட்டுகள். மருந்து ஆரம்பித்ததற்கும் பாதிப்புக்கும் இடையே நாள் கணக்கு பொருந்துகிறதா, நிறுத்தியதும் குறைந்ததா, நோயே காரணமாக இருக்குமா என்று பார்ப்பார்கள். மறுபடி கொடுத்தபோது மறுபடி வந்ததா என்பதும் ஒரு கேள்வி. ஆனால் பெரியம்மாவுக்கு வந்த மாதிரி விஷயத்தில் யாரும் மறுபடி கொடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அங்கிருந்து காஸியாபாத்தில் இருக்கும் இந்திய பார்மகோபியா கமிஷனுக்கு, அதாவது மருந்துகளின் தர அளவுகளை வகுக்கும் அரசு அமைப்புக்கு. திட்டம் ஆரம்பத்தில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இருந்தது. 2011 ஏப்ரலில் இங்கே மாறியது. அறிக்கைகளைச் சரிபார்த்து ஸ்வீடனில் உப்சாலா என்ற ஊரில் இருக்கும் உலக மையத்துக்கும் அனுப்புகிறார்கள். தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்த கொடுமைக்குப் பிறகு, 1968-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ஏற்பாடு அது. அந்தத் தரவுத்தளத்தில் மூன்று கோடிக்கும் மேல் அறிக்கைகள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் வெறும் சந்தேகமாக இருப்பது, பல ஊரிலிருந்து ஒரே மாதிரி வரும்போது தடயம் ஆகிறது. காஸியாபாத்தில் நிபுணர் குழு ஒன்று உட்கார்ந்து அந்தத் தடயங்களைப் பரிசீலிக்கும்.

ஆனால் காஸியாபாத்துக்கு எந்த மருந்தையும் தடை செய்யும் அதிகாரம் கிடையாது. பரிந்துரைக்கத்தான் முடியும். நடவடிக்கை எடுப்பது டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் சுகாதார அமைச்சகமும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தில் 26-ஏ என்ற பிரிவு, ஆபத்தான மருந்தைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2011-இல் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு நிமெசுலைடு தடை செய்யப்பட்டது இதன்படிதான்.

எல்லா நேரமும் அது நேர்கோட்டில் போகாது. 2013 ஜூனில் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவைத்தார்கள், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருமோ என்ற பயத்தில். அதையே நம்பி வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்தவர்கள் கடை வாசலில் நின்று “இப்ப நாங்க எதைத் திங்கிறது?” என்று கேட்டார்கள். சர்க்கரை நோய் மருத்துவர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜூலை முடிவதற்குள் தடையை விலக்கி, அட்டையோடு வரும் குறிப்பில் எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொல்லி மறுபடி விற்க விட்டார்கள். அந்த ஆறு வாரக் குழப்பத்துக்கு நான் அரசைத் திட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால், நம் நாட்டு அறிக்கைகள் போதுமான அளவு கையில் இருந்திருந்தால் முடிவு எடுப்பவர்களுக்கும் தடுமாற்றம் குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது.

தடைக்கும் எச்சரிக்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் மக்கள் பயப்படுவதும் உண்டு. 2023 நவம்பர் கடைசியில் மெஃபனமிக் அமிலத்தைப் பற்றிக் காஸியாபாத் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்குப் பெண்பிள்ளைகள் சீட்டு இல்லாமலேயே கேட்டு வாங்கும் மாத்திரை அது. தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டு, உள்ளுறுப்புப் பாதிப்பு எல்லாம் சேர்ந்து வரும் ‘ட்ரெஸ்’ என்ற நிலை அபூர்வமாக வரலாம், கவனியுங்கள் என்பதுதான் செய்தி. தடை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அதைக் கொடுக்கும்போது, “தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும்மா” என்று சொல்லாமல் கொடுப்பதில்லை.

அறிக்கை கொடுக்கும் சட்டக் கடமை முக்கியமாகக் கம்பெனிக்கு. 2019-இன் புதிய மருந்துகள் விதிகளின்படி, புது மருந்து சந்தைக்கு வந்த முதல் இரண்டு ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு ஆண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அறிக்கை தர வேண்டும். எதிர்பாராத கடுமையான பாதிப்பு தெரிந்தால் 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். மருத்துவருக்கும் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கும் அது விருப்பம் சார்ந்த விஷயம்தான். அந்த இடத்தில்தான் பெரிய ஓட்டை என்பேன். மையங்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில். மக்கள் மாத்திரை வாங்குவதோ தெருமுனைக் கிளினிக்கிலும் என் கடையிலும். எழுதினால் தன் தவறை ஒப்புக்கொள்வது போலாகுமோ என்று சில டாக்டர்கள் பயப்படுகிறார்கள். அறிக்கை கொடுப்பவருக்குச் சட்டச் சிக்கல் எதுவும் வராது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது.

பெரியம்மாவுக்கு நடந்த பிறகு நான் எழுத ஆரம்பித்தேன். லாரி ஓட்டும் ஒரு தம்பி, வெளியூர் போய் வந்தால் உதட்டில் ஒரே இடத்தில் கறுப்பாகப் புண் வருகிறது, சூட்டுக் கொப்புளம் என்பார். விசாரித்தால், வழியில் வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் டினிடசோல் கலந்த மாத்திரை போட்டிருக்கிறார். போட்ட ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் புண். அது சூடு இல்லை, மருந்தின் வேலை.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்தக் கோல்ட்ரிஃப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாத டைஎத்திலீன் கிளைகால் அதில் 48.6 சதவீதம் இருந்தது. இது பக்கவிளைவு இல்லை, மருந்தே விஷம். தயாரிப்பு உரிமம் தருவதும், மாதிரி எடுத்துச் சோதிப்பதும், கதவை இழுத்துப் பூட்டுவதும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. அதனால் மருந்தில் நிறமாற்றம், கசடு, போலி என்று சந்தேகம் வந்தால் மருந்து ஆய்வாளரிடம் போக வேண்டும். ஆனால் எது என்று உங்களுக்குப் பிரித்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் சொல்லுங்கள். குழந்தைகள் செப்டம்பரிலிருந்தே இறந்துகொண்டிருந்தார்கள். மருந்தின் மேல் கை வைத்தது அக்டோபரில். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் தனி ஏற்பாடு உண்டு. சித்தத்துக்குத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ரத்தம் ஏற்றியதில் பிரச்சினை வந்தால் கவனிக்க 2012-இலிருந்தும், மருத்துவக் கருவிகளுக்கு 2015-இலிருந்தும் தனித் திட்டங்கள் நடக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது: உடம்பு மோசமாக இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, படிவமெல்லாம் அப்புறம். வலிப்பு, ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். கேட்பதைத் தள்ளியும் போடாதீர்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். 1800 180 3024 என்ற இலவச எண்ணுக்கு வேலை நாளில் காலை 9 மணியிலிருந்து மாலை 5.30 வரை அழைக்கலாம். பக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருந்தால் மருந்தியல் துறையில் கேட்கலாம். நோயாளியின் முழுப் பெயர் தேவையில்லை, முதலெழுத்தும் வயதும் போதும். மருந்தின் பெயர், என்ன ஆனது, எப்போது ஆனது, சொல்வது யார், இவ்வளவு இருந்தால் அறிக்கை எடுத்துக்கொள்ளப்படும். பணமோ நஷ்டஈடோ இதில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதிக்கப்பட்டவருக்கு ஒரு சின்ன அட்டையும் எழுதிக் கொடுங்கள். பெரியம்மாவின் ரேஷன் கார்டு உறைக்குள் என் கையெழுத்தில் ஒன்று இருக்கிறது: ‘கார்பமாசெபின் ஆகாது. ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டோயின் கொடுக்கும் முன் டாக்டரிடம் இதைக் காட்டவும்.’ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்பதற்கு முன்னாலேயே அதை எடுத்து மேஜை மேல் வைத்துவிடுகிறார்.