விசா இருந்தும் விமானத்தில் ஏற்றாதது ஏன்?

அன்புள்ள தம்பி,

ஏற்காட்டிலிருந்து பிரிட்டனுக்கு உங்களைப் பார்க்கக் கிளம்பிய அம்மாவை, முறையான விசா இருந்தும் சென்னை விமான நிலையத்தில் விமான நிறுவன ஊழியர் ஏற்ற மறுத்ததையும், மறுநாள் வேறு டிக்கெட் எடுத்து அவர் வர நேர்ந்ததையும் எழுதி, "விசா கொடுத்தது அரசு, தடுத்தது கம்பெனி, இது என்ன நியாயம்?" என்று கேட்டிருந்தீர்கள். சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்து லண்டனில் நிலைத்துவிட்ட நான், இதில் துளியும் நியாயமில்லை என்றே சொல்வேன்.

விமான நிறுவனமே பயணியைத் தடுக்கும் இந்த வழக்கத்தின் தொடக்கத்தில் இருப்பவர்களும் தமிழர்கள்தான். 1987 பிப்ரவரியில், இலங்கைப் போருக்குத் தப்பி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியவர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் விமானத் தளத்திலேயே ஆடைகளைக் களைந்து போராடினார்கள். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவரும் நிறுவனத்திடம் தலைக்கு 1,000 பவுண்டு வசூலிக்கும் சட்டத்தைப் பிரிட்டன் அதே ஆண்டில் நிறைவேற்றியது. பின்னர் அத்தொகை 2,000 ஆயிற்று. தவறாக ஏற்றினால் தண்டம் உண்டு, தவறாக மறுத்தால் அச்சட்டத்தில் தண்டமே கிடையாது. அதனால்தான் ஓர் ஊழியர் பாஸ்போர்ட்டைச் செல்பேசியில் படமெடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, திரும்பிப் போக டிக்கெட் உண்டா, கையில் பணம் எவ்வளவு என்று அம்மாவைக் குடைந்திருக்கிறார். எல்லை அதிகாரி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அம்முடிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். இந்த ஊழியரின் மறுப்பை அப்படி எதிர்க்க வழியில்லை, பிறகு நுகர்வோராக நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான்.

அம்மாவாவது மறுநாள் வந்துவிட்டார். தாரமங்கலத்தை அடுத்த குறுக்குப்பட்டி இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்பவர்களைப் போல உயிருக்கு அஞ்சி ஓடிவருபவர் அந்த கவுன்டரில் நின்றால், அடைக்கலக் கோரிக்கையைக் கேட்கும் அதிகாரமோ பயிற்சியோ அங்கே யாருக்கும் இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். வந்து இறங்கியவர்களையும் கம்பெனிகளிடமே ஒப்படைக்கிறார்கள். கேட்விக் அருகேயுள்ள புரூக் ஹவுஸ் என்ற குடியேறிகள் தடுப்பு மையத்தை ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் நடத்தியபோது, அங்கே அடைக்கப்பட்டவர்களைக் காவலர்கள் துன்புறுத்தியதை 2017இல் பிபிசி ஒளிபரப்பியது. பொது விசாரணையின் அறிக்கை வெளிவர 2023 ஆயிற்று.

நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்பதால், ஊர் திரும்பியதும் அம்மா சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இரண்டு டிக்கெட்டுகளையும் விசாப் பக்கத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.