மாற்றிய பூம் வெடித்தது, மெஷினைக் கராஜ் மறிக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: தென்மராட்சியில் கிணறு, அத்திவாரம் வெட்டும் கொந்தராத்து செய்கிறேன். லீசிங்கில் எடுத்த 20 தொன் எக்ஸ்கவேற்றரின் பூம் (தோண்டும் வாளியைத் தாங்கும் பெரிய இரும்புக் கை) பழுதானதால், யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் பாவித்த பூம் ஒன்று வாங்கி அங்கேயே மாற்றினேன். “ஜப்பான் சாமான், வெல்டிங் படாதது” என்று வட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார்கள். 14 இலட்சம் பேசி, 11 இலட்சம் கொடுத்து மெஷினை எடுத்து வந்தேன். இரண்டு மாதம் முடியுமுன் பூம் சிலிண்டர் பொருந்தும் இடத்துக்குக் கிட்டப் பெயின்ற் உரிந்து, உள்ளே பழைய வெல்டிங்கும் அதன் ஓரத்தில் வெடிப்பும் தெரிந்தன. காட்டுவதற்குக் கராஜுக்குக் கொண்டுபோனேன். “பிரேக்கர் (மெஷினில் பூட்டிக் கல் உடைக்கும் கருவி) அடித்ததால் வந்தது. திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லில் இருக்கிறது. மிச்சம் 3 இலட்சம் தந்தால்தான் மெஷின்” என்கிறார்கள். என்ன வழி?

பதில்: உங்களிடம் உள்ள மிகப் பெரிய சாட்சி அந்த வெடிப்பு. அது இப்போது எதிர்த்தரப்பின் முற்றத்தில் நிற்கிறது. கிரைண்டர் பிடித்து, ஒரு தகட்டை வைத்து ஒட்டி, பெயின்ற் அடித்தால் ஒரு பின்னேரத்தில் அது மறைந்துவிடும். அதனால் காசுக் கதைக்கு முதல் இதைச் செய்யுங்கள். இன்றே போய் வெடிப்பு, பழைய வெல்டிங், பூமில் குத்தியிருக்கும் இலக்கம், மணிக்கணக்கு மீற்றர் எல்லாவற்றையும் திகதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பூமில் எவரும் கை வைக்கக்கூடாது, உங்கள் பொறியியலாளர் வந்து பார்க்க இத்தனையாம் திகதி இடம் தரவேண்டும் என்று அதில் இருக்கட்டும். அவர்கள் மறுத்தால், பூமை மாற்றாமல் இருக்கத் தடைக் கட்டளையும், அதைப் பரிசோதிக்க நீதிமன்றம் நியமிக்கும் ஆணையாளர் ஒருவரும் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பொறியியலாளரிடம் “வெடித்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்பது போதாது. அந்த வெல்டிங் பூமை மாற்றுவதற்கு முந்தியதா, வெடிப்பு அதிலிருந்து தொடங்கியதா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வழக்கு அந்த இரண்டு விடைகளில்தான் நிற்கும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச்சட்டம் பாவித்த சாமானுக்கும் பொருந்தும். “வெல்டிங் படாதது” என்று விபரித்து விற்றால் பொருள் அந்த விபரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். நீங்கள் நேரில் பார்த்து எடுத்தவர்தானே என்று அவர்கள் சொல்லக்கூடும். பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்த வாதம் எடுபடலாம். பெயின்றுக்குள் ஒளிந்திருந்த குறைக்கு எடுபடாது. அந்த வட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். இலத்திரனியல் பதிவுகளை நீதிமன்றம் சான்றாக ஏற்க 1995 இலும் 2006 இலும் வந்த சட்டங்கள் இடம் தருகின்றன.

பிரேக்கர் பற்றிய வாதத்தை இலேசாக எடுக்கவேண்டாம். குடாநாட்டில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். பிரேக்கர் இல்லாமல் கிணறு வெட்டுவது கஷ்டம். அதன் அதிர்வு பூமின் வெல்டிங் மூட்டுகளில் ஏறுவதும் உண்மை. ஆனால் ஒரு பொருள் இன்ன வேலைக்குத் தேவை என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அது அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மெஷினைக் கராஜில் விட்டபோது பிரேக்கர் பூட்டியிருந்ததா? கிணறு வெட்டும் மெஷின் என்று அவர்களுக்குத் தெரியுமா? இவற்றுக்கு ஓப்பரேட்டரின் சாட்சியம் பெறுமதியானது. வேலைக் கொப்பி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

பில்லில் உள்ள “திருப்பி எடுக்கமாட்டோம்” என்ற வரி முடிந்த முடிவல்ல. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின் கீழ் அதைக் கேள்விக்கு உட்படுத்தலாம். நீங்கள் தொழிலுக்காக வாங்கியவர் என்பதால் அந்த நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயும். அதோடு, இரண்டு மாதம் ஓடிய பூமைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்பது கடினம் என்பதையும் சொல்லவேண்டும். பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு பெரும்பாலும் கிடைப்பது நட்டஈடுதான். அந்த நட்டஈட்டைக் கொடுக்கவேண்டிய மிச்சக் காசில் கழிக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மெஷினை மறித்து வைத்திருப்பது பற்றி: திருத்தியவர் தன் கூலிக்காக வாகனத்தைப் பிடித்து வைக்கும் உரிமையை இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அந்த உரிமை கையில் வைத்திருக்கும் வரைதான். 11 இலட்சத்தை வாங்கிக்கொண்டு அவர்களே மெஷினை வெளியே விட்டுவிட்டார்கள். குறை காட்ட நீங்கள் கொண்டுபோனதால் பழைய கடனுக்கான பிடி மீண்டும் உயிர்பெறாது என்பதே என் கருத்து. அதற்காக ஆட்களோடு போய்ப் படலையைத் திறந்து எடுக்கப் போகாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்க, பொலிஸ் முறைப்பாடு உங்கள் மேல் விழும். பொறியியலாளர் பார்த்து முடிந்த பிறகு, “என் உரிமைகளுக்குப் பங்கமின்றி, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கொடுத்து 3 இலட்சத்தைக் கட்டி மெஷினை எடுப்பதே பலருக்கு மலிவான வழி. லீசிங் தவணை நிற்காது. நட்டத்தைக் குறைக்க நீங்கள் முயலவில்லை என்றால், மெஷின் சும்மா நின்ற நாட்களுக்கான வருமானத்தையும் நீதிமன்றம் வெட்டிவிடும்.

எடுத்த மெஷினை அந்தப் பூமோடு ஒரு நாள்கூட வேலைக்கு விடவேண்டாம். கிணற்றுக்குள் ஆள் நிற்கும்போது பூம் முறிந்தால் ஓர் உயிர் போகும். வெடிப்பைத் தெரிந்துகொண்டே மெஷினை வேலைக்கு இறக்கியவர் என்ற பொறுப்பு உங்கள் மேல் வரும்; தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழும் பதில் சொல்லவேண்டி வரும்.

நீங்கள் எழுதாத ஒன்று, கழற்றிய பழைய பூம் எங்கே? மெஷினின் சொந்தக்காரர் லீசிங் நிறுவனம், அதனால் பழைய பூமும் அவர்களுடையதே. கராஜ் அதை இரும்புக்கு விற்றிருந்தால் அந்தப் பெறுமதி பில்லில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாரிய பாகத்தை மாற்ற முன்னனுமதி வேண்டுமா என்று லீசிங் ஒப்பந்தத்தையும் வாசியுங்கள். வேண்டுமென்றால் நடந்ததை அவர்களுக்கு இப்போதே எழுத்தில் அறிவியுங்கள்.

வழக்குப் போட எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடமும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடமும் உண்டு. ஆனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குச் செய்யும் முறைப்பாடு விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேரவேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. பில்லின் திகதியைப் பார்த்து, பில், வட்ஸ்அப் செய்தி, படங்கள் ஆகியவற்றின் பிரதிகளோடு இந்த வாரமே கொடுங்கள். பொறியியலாளரின் அறிக்கையைப் பிறகு சேர்க்கலாம்.