தன்பாலீர்ப்பு வளர்ப்பில் நேர்ந்த பிழையா?

19 வயதான தம்பி தனக்கு ஆண்கள்மீதே ஈர்ப்பு என்று சொல்லிவிட்டதாகவும், வளர்ப்பில் தவறிவிட்டோமோ என அம்மா அழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வளர்ப்பால் தன்பாலீர்ப்பு உண்டாவதில்லை, அது நோயுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

ஆனால், அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வளர்கிறான் என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது. எனக்கு ஏழு வயதிருக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்துக் கன்றிப்போன என் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஏல, மாமன் மவளக் கெட்டிக்கிடுதியா?" என்று ஆச்சி கேட்டார்கள், எல்லோரோடும் நானும் சிரித்தேன். அன்பில் பிறந்த அதே கேள்வி ஆண்டுதோறும் திரும்பி வந்தபோது, தோழன் ஒருவன் வராத நாளில் வகுப்பே வெறிச்சோடித் தெரிவதன் காரணம் மெல்லப் புரியத் தொடங்கியிருந்த நான், இவர்களையெல்லாம் ஏமாற்றுகிறோமே என்று குமைந்து, வீட்டில் பேச்சையே குறைத்துக்கொண்டேன். என்னைப் போன்றவர்களைக் குறிக்க அன்று என் காதில் விழுந்த சொற்கள் எல்லாம் வசவுகள்.

வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஈர்ப்பை மாற்ற முயலும் 'சிகிச்சை'களைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. ஆகவே மாற்றித் தருவதாகச் சொல்லும் எவரிடமும் தம்பியைக் கூட்டிச் செல்லாதீர்கள். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள். இன்றிரவு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மாவையும் உட்காரச் சொல்லுங்கள்.