உதை வாங்குபவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு ஆக்‌ஷன் படம் பார்த்தேன். இடைவேளைக்கு முந்தைய சண்டையில் கதாநாயகன் ஒருவனை நெஞ்சில் உதைக்கிறார். அவன் பத்தடி பறந்து போய் ஒரு மேஜைமேல் விழ, மேஜை சுக்குநூறாகிறது. தியேட்டரே விசிலடித்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் நின்று படித்தேன். ஸ்டண்ட் மாஸ்டர் பெயருக்குக் கீழே வரிசை வரிசையாகப் பெயர்கள். அந்த ஒரு உதைக்கு யார் யார் வேலை செய்கிறார்கள்? சில படங்களில் இதே உதை நம்பும்படி இருக்கிறது, சிலவற்றில் சிரிப்பு வருகிறது. ஏன்?

இன்னொரு விஷயம். என் அக்கா மகனுக்கு 19 வயது. சிலம்பம் நன்றாகச் சுற்றுவான். ஃபைட்டர் ஆகப்போகிறேன் என்று நிற்கிறான். அனுப்பலாமா?

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

அந்த ஒரு ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் நேரடியாகக் கை வைப்பவர்கள் முப்பது பேருக்குக் குறைய மாட்டார்கள். அவர்களில் முதல் ஆள் உதை வாங்கும் ஃபைட்டர். கதாநாயகனின் கால் அவர் சட்டையைத் தொட்டால் போதும். அந்த உதை எவ்வளவு பலமானது என்பதை நமக்குச் சொல்வது உதைபட்டவரின் உடம்பு.

மாஸ்டர் முதலில் தன் உதவியாளர்களை வைத்துச் சண்டையை கம்போஸ் செய்வார். இப்போதெல்லாம் அதைச் செல்போனிலோ சிறிய கேமராவிலோ எடுத்து, எடிட் செய்து, இயக்குநரிடமும் ஒளிப்பதிவாளரிடமும் காட்டிவிடுகிறார்கள். எந்த ஷாட்டில் ஹீரோ, எதில் டூப், எதற்கு ரோப், எதற்கு எத்தனை மேஜை என்ற கணக்கு அங்கேயே முடிவாகிவிடும். நான்கு நிமிடச் சண்டையில் ஷாட் ஒன்று சராசரியாக 2 விநாடி என்று வைத்தால் 120 ஷாட். ஒரு நாளில் தேறுவது 15 என்றால் 8 நாள். நீங்கள் சொல்லும் உதை மட்டும் அதில் அரை நாளைத் தின்றுவிடும்.

உங்கள் பெரம்பூர் பின்னி மில்லில் எத்தனையோ தமிழ்ப் படங்களின் சண்டைகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அப்படியொரு கொட்டகையில் நின்று இந்த ஷாட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைட்டர் சட்டைக்கு உள்ளே ஹார்னஸ், அதாவது ரோப் மாட்டுவதற்கான பட்டைக் கவசம், போட்டிருக்கிறார். ரோப்பை எங்கே மாட்டுவது என்பதுதான் முதல் முடிவு. இடுப்பின் இரண்டு பக்கமும் மாட்டினால் காற்றில் கரணம் அடிக்கலாம். முதுகுக்கு நடுவில் ஒரே இடத்தில் மாட்டினால் பின்னோக்கி இழுபட்டுப் பறப்பார். நமக்கு வேண்டியது இரண்டாவது. அந்த ரோப் மேலே போய், கிரேன் நுனியில் தொங்கும் கப்பியில் திரும்பி, கேமராவுக்குப் படாத இடத்தில் நிற்கும் நாலைந்து பேர் கைக்கு வருகிறது. பெயர்ப் பட்டியலில் மின்னி மறைகிறவர்களில் இவர்களும் உண்டு. ஃபைட்டரின் உயிர் இவர்கள் கையில் இருக்கிறது என்பது வெறும் பேச்சு இல்லை.

கப்பி ஃபைட்டரின் தலைக்கு நேர் மேலே இருந்தால் அவர் நெட்டுக்குத்தாக எழும்புவாரே தவிரப் பின்னால் போக மாட்டார். ஆகவே அதை மேஜைப் பக்கமாகத் தள்ளிக் கட்டுவார்கள். அளவுக்கு மீறித் தள்ளிவிட்டால் மேஜையையும் தாண்டி வீசிக்கொண்டு போய்ச் சுவரிலோ தூணிலோ மோதுவார். இடம் சரியான பிறகு ரோப்பில் கலர் டேப் சுற்றி ஓர் அடையாளம் வைப்பார்கள். இழுக்கும்போது அந்த டேப் கைக்கு வந்ததும் மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். விடாமல் பிடித்தால் ஆள் மேஜைக்கு ஓரடி மேலே தொங்கிக்கொண்டிருப்பார். சட்டென்று விட்டால் முழு எடையும் மேஜையில் இறங்கும். அதனால் அதே எடைக்கு மணல் மூட்டை கட்டி, ஆள் இல்லாமல் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒத்திகையை நேரமில்லை என்று தவிர்ப்பவர்களை மன்னிக்கவே முடியாது.

எப்போது இழுப்பது? ‘ஒன், டூ, த்ரீ’ என்ற குரலை மட்டும் நம்பினால் ஷாட் கெட்டது. உதைப்பவரின் கால் ஒவ்வொரு டேக்கிலும் ஒரே வேகத்தில் வராது. கால் சட்டையைத் தொடுவதைக் கண்ணால் பார்த்து இழுக்க வேண்டும். நாலு ஃப்ரேம், அதாவது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு முந்தினால் உதை விழுவதற்கு முன்பே ஆள் கிளம்பிவிடுவார். அதே அளவு பிந்தினால், உதை வாங்கி, நின்று, பிறகு பறப்பார். உங்களுக்குச் சிரிப்பு வந்த படங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

மீதிச் சிரிப்புக்குக் காரணம் உடம்பின் விறைப்பு. நிஜமாக நெஞ்சில் உதை விழுந்தால் நெஞ்சு உள்வாங்கும், உடல் நடுவில் மடியும், தலையும் கைகளும் ஒரு கணம் முன்னாலேயே தங்கிப் பிறகுதான் உடம்பைப் பின்தொடரும். ரோப் முதுகைப் பிடித்து இழுக்கும்போது உடம்பு தானாக இந்த வடிவத்துக்கு வராது. ஃபைட்டர்தான் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் கடையில் தொங்கும் பொம்மையைக் கொக்கியோடு தூக்கியது போலத் தெரியும். பறக்கும் அந்த ஒரு விநாடிக்குள் அவர் இதையும் செய்து, தாடையை நெஞ்சோடு சேர்த்துக் கழுத்தைக் காத்து, இரண்டு தோள்பட்டைகளும் ஒரே நேரத்தில் மேஜையில் படும்படி விழவும் வேண்டும். திரும்பிப் பார்த்து இடம் தேட முடியாது. நடிப்பு என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

மேஜை ஆர்ட் டிபார்ட்மெண்டின் பொறுப்பு. டேக்குக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று மேஜைகள் வேண்டும். மேல்பலகைக்கு எடை குறைந்த மெல்லிய மரம். அதன் அடிப்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக ரம்பத்தால் பாதி ஆழத்துக்குக் கீறிவிடுவார்கள். கால்களை உள்பக்கத்தில் முக்கால்வாசி அறுத்துவிடுவார்கள். ஆணியும் ஸ்க்ரூவும் கூடவே கூடாது, பசை மட்டும்தான். எல்லாம் சரியாகச் செய்துவிட்டுப் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று மேலே சன்மைக்கா ஒட்டிவிட்டால் அத்தனையும் வீண். அந்தத் தகடு கீறிய பலகையை ஒரே துண்டாகப் பிடித்துக்கொள்ளும். மேஜை உடையாது, முதுகுதான் உடையும். நிறம் வேண்டுமென்றால் பெயின்ட் போதும். மேஜைக்கு அடியில் தரையின் நிறத்தில் துணி போர்த்திய ஒரு பெட் கிடக்கும். மேலே இருக்கும் பாட்டில்கள் உடைவதற்கென்றே வார்த்த பிசின் பாட்டில்கள். சர்க்கரைப் பாகில் வார்த்தால் சென்னையின் ஈரக் காற்றில் மதியத்துக்குள் பிசுபிசுத்துவிடும்.

அடுத்து கேமரா. நேர் பக்கவாட்டில் வைத்தால் காலுக்கும் நெஞ்சுக்கும் இடையே உள்ள வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். உதைப்பவரின் தோளுக்குப் பின்னாலோ, வாங்குபவரின் முதுகுப் பக்கத்திலோ வைத்து நீள லென்ஸ் போட்டால் இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் சுருங்கித் தெரியும். ஆனால் நீள லென்ஸில், ஆள் நகர நகரத் தெளிவைச் சரிசெய்துகொண்டே இருக்கும் ஃபோகஸ் புல்லருக்குச் சோதனை. 15 அடி தூரத்தில் நிற்பவரை 100 எம்எம் லென்ஸில் 2.8 அபெர்ச்சரில் (லென்ஸின் திறப்பு அளவு) எடுத்தால் தெளிவு ஏறக்குறைய ஓரடிக்குள்தான். நம் ஆளோ ஒரு விநாடியில் பத்தடி போகிறார். அபெர்ச்சரை 5.6-க்கு மூடினால் தெளிவு இரண்டடி ஆகும், வெளிச்சமோ நான்கு மடங்கு வேண்டும். பறப்பதை நிதானமாகக் காட்ட விநாடிக்கு 24-க்குப் பதில் 48 ஃப்ரேமில் ஓட்டினால் இன்னொரு இரண்டு மடங்கு. ஆக எட்டு மடங்கு வெளிச்சம். ஒரு உதைக்காக லைட்மேன்கள் ஏன் இத்தனை பெரிய விளக்குகளைச் சாரத்தில் ஏற்றுகிறார்கள் என்றால் காரணம் இந்தக் கணக்கு.

காஸ்ட்யூமர் ஒரே சட்டையில் நாலைந்து பிரதி வைத்திருப்பார். ஹார்னஸும் பேடும் உள்ளே அடங்க ஒரு சைஸ் பெரிது. முதுகில் ரோப் வெளியே வர ஒரு சிறு பிளவு. பிளவின் ஓரத்தைத் தைக்காமல் விட்டால் முதல் இழுப்பிலேயே சட்டை கழுத்துவரை கிழியும். நெஞ்சில் கொஞ்சம் முல்தானி மட்டிப் பொடி தடவி வைப்பார்கள். கால் பட்டதும் புகைபோலக் கிளம்பும் தூசிதான் உதை விழுந்த இடத்தை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாகத் தடவ வேண்டும்.

ஷாட் ஓகே ஆனதும் கேமராவை அசைக்காமல், ஆட்கள் இல்லாத வெறும் ஃப்ரேமை ஒருமுறை எடுத்துக்கொள்வார்கள். பிறகு கிராஃபிக்ஸில் ரோப்பை அழிக்கும்போது அந்த இடத்தை நிரப்ப அது உதவும். எடிட்டர், உதைக்கும் ஷாட்டிலிருந்து பறக்கும் ஷாட்டுக்கு வெட்டும்போது இரண்டு மூன்று ஃப்ரேம் அசைவைத் திரும்பக் காட்டுவார். வெட்டு விழும் கணத்தில் கண் எதையும் பிடிப்பதில்லை, அதற்கு ஈடு இது. சத்தம் முழுக்கப் பிறகு சேர்ப்பது.

இத்தனையும் தெரிந்த பிறகு ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. 20 அடியிலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் அந்த உயரத்திலிருந்து விழுந்து ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியில் இன்னொருவர். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் உதவி இயக்குநர். கிரேன் காலுக்கு அடியில் கனமான மரக்கட்டை போட்டிருக்கிறதா, மழை பெய்த மண்ணா, ஹார்னஸ் கொக்கி பூட்டியிருக்கிறதா, ஆம்புலன்ஸ் வாசலைப் பார்த்து நிற்கிறதா என்று ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு ஒருவர் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘வேண்டாம், இன்றைக்கு இதோடு போதும்’ என்று அவர் சொன்னால் இயக்குநரும் கதாநாயகனும் கேட்க வேண்டும். ரோப் ஷாட்டைக் காலையில் எடுத்துவிட வேண்டும். பத்து மணி நேரம் வேலை செய்து களைத்த கைகளில் அந்த ரோப்பைக் கொடுக்கவே கூடாது.

விருதுகள் இந்தப் பக்கம் திரும்பியதும் தாமதமாகத்தான். தேசிய விருதில் ஸ்டண்டுக்கான பிரிவு 64-ஆவது விருதுகளில்தான் வந்தது. ‘புலிமுருகன்’ படத்துக்காக பீட்டர் ஹெய்ன் அதை முதலில் பெற்றார். சென்னையின் அன்பறிவ் இரட்டையர்களும் பின்னர் பெற்றார்கள். ஆஸ்கர் இன்னும் தாமதம். 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது தரப்போகிறார்கள். இவையெல்லாம் மாஸ்டர்களுக்கு. மேஜைமேல் விழுந்தவருக்கு இன்னும் பெயர்ப் பட்டியல் மட்டும்தான். அதனால் நீங்கள் நின்று படித்ததற்கு நன்றி.

உங்கள் அக்கா மகன் விஷயம். அனுப்பலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். சிலம்பம் நல்ல அடித்தளம். கால் வைப்பும் தூரக் கணிப்பும் அதில் வந்துவிடும். அதில் வராதது விழுவது. ஜூடோ வகுப்பு ஒன்றில் ஆறு மாதமாவது சேர்த்துவிடுங்கள். தாடையை நெஞ்சில் ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கித் தரையில் அறைந்து விழுவதை முதலில் குந்திய நிலையிலிருந்தும், பிறகு நின்ற நிலையிலிருந்தும் பழக வேண்டும். கையை ஊன்றி விழும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடவேண்டும், மணிக்கட்டு முறிவதும் தோள் இறங்குவதும் அதனால்தான். ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், பைக் ஓட்டுவது எல்லாமே உதவும். பிறகு பெப்சியோடு (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) இணைந்த ஸ்டண்ட் சங்கத்தின் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் புது உறுப்பினர் சேர்க்கை எப்போது என்று கேட்கட்டும். சங்கத்தில் சேர்த்துவிடுகிறேன், வேடம் வாங்கித் தருகிறேன் என்று வெளியில் யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சேர்ந்தபின் முதல் வேலை என்ன கிடைக்கும் என்று கேட்டால், பெட் சுமப்பதும் மணல் மூட்டை கட்டுவதும்தான். அதைச் சலிப்பில்லாமல் செய்வானா என்று மட்டும் அவனிடம் கேட்டுவிடுங்கள்.