'காலா' கட்டுரை: கோட்பாட்டைக் குறையுங்கள், ஷாட்டை எண்ணுங்கள்

மும்பை சயானில் இருக்கும் நண்பருக்கு,

ரஜினி நடித்த 'காலா' படத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையை, "கதைச் சுருக்கம் ஒரு பக்கம், அல்தூசர் ஒரு பக்கம், இரண்டும் ஒட்டவில்லை" என்று உங்கள் வழிகாட்டி திருப்பியது நியாயம்தான். முன்னுரையில் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரை ஒரு பத்தியோடு நிறுத்துங்கள்.

பிரெஞ்சு சினிமா விமர்சகர்கள் கொமொல்லியும் நார்போனியும் 1969-ல் எழுதிய கட்டுரை படங்களை ஏழு வகையாகப் பிரிக்கிறது. உங்களுக்கு நான்காவது போதும்: அரசியலை வெளிப்படையாகப் பேசும், ஆனால் பழைய சினிமா மொழியைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் படம். 'காலா' அதில் அடங்குமா? இதுதான் உங்கள் கட்டுரையின் கேள்வி.

இரண்டே காட்சிகள். அறிமுகக் காட்சியில் ரஜினி தெருக் கிரிக்கெட்டில் போல்டு ஆகிறார். இறுதியில் வெள்ளுடை வில்லனைச் சுற்றிக் கருப்பு, சிவப்பு, நீலப் பொடி. முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஷாட்டுக்கும் விநாடி, கேமரா உயரம், யாருடைய பார்வை, நிறம், ஒலி என்று அட்டவணை போடுங்கள். வசனம் கடைசியில்.

பலரும் சறுக்குவது "நீலம் என்றால் அம்பேத்கர்" என்று எழுதி நிறுத்தும்போது. அது அடையாளம் காண்பது, வாதம் ஆகாது. கூட்டம் நாயகனின் இடத்தை எடுத்துக்கொள்கிறதா, நாயகன் கூட்டத்தை விழுங்குகிறாரா என்பதை அட்டவணையிலிருந்து காட்டுங்கள். உங்கள் முடிவுக்கு எதிரான ஸ்லோமோஷன் நடைகளையும் மறைக்காதீர்கள். இயக்குநர் பேட்டி சான்றாகாது.

தாராவி பக்கத்திலேயே இருக்கிறதே என்று கள ஆய்வு சேர்க்காதீர்கள். படத்தில் வரும் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட்.